உபதேசியார் வாசித்த சீட்டு

பதுளை
16.06.2024

இயேசு மரி சூசை

அன்புள்ள அக்காவுக்கு,

ஆண்டவர் துணையால் உயிரோடு இருக்கிறேன். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது, அத்தான் கொழும்பிலிருந்து வந்து போனாரா என்று தெரிய ஆசை.

என் போனுக்கு எடுத்து எடுத்துக் களைத்திருப்பீர்கள். கோபப்படாதீர்கள். மொனராகலையையும் புருஷனையும் விட்டு வந்துவிட்டேன். றொனிக்குத் தெரியாது. பதுளையில் சிஸ்டர்மார் நடத்துகிற ஒரு வீட்டில், என்னைப் போல வந்து சேர்ந்த பெண்களோடு தங்கியிருக்கிறேன். வந்த அன்றே போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். போனை வைத்துத்தான் புருஷன்மார் தேடி வந்துவிடுகிறார்களாம். கடிதம் எழுதத் தடையில்லை. சமையலுக்கு வருகிற ரஹ்மத்தும்மா வீட்டுக்குப் போகும் வழியில் தபாலில் போட்டுவிடுவார்.

ஏன் வந்தாய் என்று கேட்பீர்கள். என் பிள்ளை ஜொனி போன பிறகு அந்த வீட்டில் இருக்க முடியவில்லை. இப்போதைக்கு அவ்வளவுதான் எழுத வருகிறது.

கோயில்களுக்கு நற்கருணை அப்பம் செய்து அனுப்புவதுதான் இந்த வீட்டு வேலை. மாவைக் கரைத்து இரும்புத் தட்டில் ஊற்றிச் சுட்டு, காகிதம் போல வந்ததும் வட்டமாக வெட்ட வேண்டும். வெட்டுகிற வேலை எனக்கு. மிஞ்சும் துண்டுகளை ஒரு டின்னில் போட்டு, பின்னேரம் வருகிற அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கொடுப்பார்கள். அந்த டின்னை நான் தொடுவதில்லை. வேறு யாரையாவது கொடுக்கச் சொல்லிவிடுவேன்.

பொறுப்பாக இருப்பவர் சிஸ்டர் பிரான்சிஸ்கா. படுக்கும்போது என் ரப்பர் செருப்பைக் கதவிடுக்கில் செருகி வைப்பதைப் பார்த்துவிட்டு, "குளிரு அடிக்குது, கதவச் சாத்திட்டுப் படு பிள்ளை" என்றார். முடியாது என்றேன். அடுத்த நாள் என் கட்டிலில் ஒரு போர்வை கூடுதலாக இருந்தது.

ஜெபத்துக்கெல்லாம் போகிறேன். பரலோக மந்திரத்தில் மன்னிப்பு வருகிற வரியில் மட்டும் வாய் நின்றுவிடுகிறது. அந்த வரி முடிந்ததும் மறுபடி சேர்ந்துகொள்கிறேன்.

நான் இருக்கிற இடம் யாருக்கும் தெரிய வேண்டாம். றொனியின் அத்தை லூர்தம்மா உங்கள் லயத்திலேயே, நாலு கதவு தள்ளி இருப்பதை மறக்க வேண்டாம். ஜொனியின் குழியில் ஒரு மெழுகுதிரி ஏற்றுங்கள்.

உங்கள் தங்கை
ஜெயந்தினி

*

தெமோதரை, மேல் டிவிஷன்
30.06.2024

என் பிரியமான தங்கச்சிக்கு அக்கா கொரட்டி எழுதுவது.

மாதா புண்ணியத்தில் நீ உயிரோடு இருக்கிறாய் என்று தெரிந்த பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது. முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. மலை ஏறுகிறவளுக்கு அது விட்டா போகும்? உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

காலைப் பெரட்டில் பேர் கூப்பிட்டுக்கொண்டே கணக்கப்பிள்ளை உன் கடிதத்தை நீட்டினார். "யாரு கொரட்டி இந்தக் காலத்துல கடுதாசி போடுறது?" என்றார். உன் அத்தான் என்று பொய் சொன்னேன். "போன்ல கொஞ்சினது பத்தலையாக்கும்" என்று எல்லாரும் சிரித்தார்கள். மலைக்குப் போய்க் கூடையை இறக்கி வைத்துவிட்டுத் தேயிலைச் செடிக்குள் குந்தியிருந்து படித்தேன்.

தங்கச்சி, ஏசுகிறேன் என்று நினைக்காதே. பிள்ளையைப் பறிகொடுத்த நேரத்தில் புருஷனையும் விட்டுவிட்டு வந்தால் உனக்கு என்ன மிச்சம்? போன ஞாயிறு றொனித் தம்பி வந்திருந்தார். கண்ணெல்லாம் வீங்கிப் போயிருந்தது. "அக்கா, அவ இல்லாம எனக்கு வீட்டுக்குள்ள கால் வைக்க முடியல" என்று குழந்தை மாதிரி அழுதார். எனக்கு மனசு கேட்கவில்லை. சோறு போட்டேன். சாப்பிட்டுவிட்டு நேரே புதைகாட்டுக்குப் போய்ப் பிள்ளையின் குழிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். நீ எங்கே என்று நான் மூச்சு விடவில்லை, பயப்படாதே.

கொஞ்சம் கை நீட்டுகிற ஆள் என்று எனக்கும் தெரியும். நம்ம அம்மா படாததா? கடைசி வரைக்கும் சிலுவையைச் சுமந்துகொண்டுதானே போனாள். உன்னை அவரும், அவரை நீயும் மன்னித்தால் ஆண்டவர் இன்னொரு பிள்ளையைத் தருவார்.

மழைக்கு ஜொனியின் குழி ஒரு பக்கம் இறங்கியிருந்தது. மண் போட்டு மட்டம் செய்துவிட்டேன். மெழுகுதிரி காற்றுக்கு நிற்கவில்லை. போத்தலுக்குள் வைத்து ஏற்றிவிட்டு வந்தேன்.

மாதா உன்னைக் காக்கட்டும்.

உன் அக்கா
மரியகொரட்டி

*

பதுளை
21.07.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீங்கள் மழையில் நனைந்து காய்ச்சல் வாங்கிக்கொள்ள வேண்டாம்.

போத்தலுக்குள் ஏற்றியதற்கு நன்றி. அவருக்குச் சோறு போட்டதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. உங்கள் வீடு, உங்கள் சோறு. இன்னொரு பிள்ளை என்று மட்டும் இனி எழுத வேண்டாம்.

சுற்றுவட்டக் கோயில்களுக்கெல்லாம் இங்கிருந்துதான் அப்பம் போகிறது. உங்கள் கோயிலுக்குப் பூசை வைக்க வருகிற சாமி கொண்டு வருவதும் நான் வெட்டியதாக இருக்கலாம். பூசையில் நான் நற்கருணை வாங்கிவிட்டு வரும்போதெல்லாம் ஜொனி என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பான். "அம்மா, அது இனிப்பா, உப்பா?" என்று கேட்பான். புதுநன்மை வாங்கும்போது நீயே தெரிந்துகொள்வாய் என்று சொல்லியிருந்தேன்.

எழுதுகிற நிலையில் இல்லை. பிறகு எழுதுகிறேன்.

தங்கை
ஜெயந்தினி

*

தெமோதரை
12.08.2024

பிரியமான தங்கச்சிக்கு,

இங்கே சுகம். அத்தான் வந்து இரண்டு நாள் நின்றுவிட்டுப் போனார். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

நேற்று சாமி வந்து பூசை வைத்தார். மாதத்துக்கு ஒரு ஞாயிறுதானே வருகிறார், அதனால் கோயில் நிறைந்துவிட்டது. நற்கருணை வாங்கும்போது, இது என் தங்கச்சி கையால் வெட்டியது என்று நினைத்தேன். அழுகை வந்துவிட்டது.

உனக்காக ஒரு நல்ல காரியம் செய்தேன். வாசலில், இன்னாருக்காக மன்றாடச் சொல்லிக் கருத்துச் சீட்டுப் போடுகிற டின் இருக்கிறதே, அதில் உன் பேரில் ஒரு சீட்டுப் போட்டேன். இங்கே எப்படி எழுதுவோம் என்று உனக்குத் தெரியும்தானே. பேர், இடம், தேவை மூன்றும் இருக்க வேண்டும். உபதேசியார் யேசுரத்தினம் மன்றாட்டு நேரத்தில் ஒவ்வொன்றாக வாசித்தார். குவைத்தில் வீட்டு வேலை செய்யும் சஜீவனிக்காக, கொழும்பில் கடையில் நிற்கும் நிஷாந்துக்காக என்று வந்து, அடுத்தது உன்னுடையது. பதுளையில் சிஸ்டர்மார் வீட்டில் தங்கியிருக்கும் ஜெயந்தினியின் மன ஆறுதலுக்காக என்று கணீரென்று வாசித்தார். கோயில் முழுவதும் உனக்காகப் பதில் சொன்னது. லூர்தம்மாகூட முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

லயத்தில் சொல்ல வேண்டாம் என்றாய். ஒருத்தரிடமும் சொல்லவில்லை. இது கோயிலில் கடவுளிடம் சொன்னது. இத்தனை பேர் சேர்ந்து கேட்டால் அவர் காது கொடுக்காமலா போவார்? இனி உன் மனசு லேசாகும் பார்.

உன் அக்கா
மரியகொரட்டி

*

பதுளை
27.08.2024

அக்காவுக்கு,

நீங்கள் சுகம் என்று நினைக்கிறேன்.

ஞாயிறு காலைப் பூசைக்கு நாங்கள் எல்லாரும் வரிசையாகக் கோயிலுக்குப் போவோம். போன ஞாயிறு ஆண்கள் பக்கத்தில் மூன்றாவது வாங்கில் றொனி உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை. பாட்டெல்லாம் மற்றவர்களைவிடச் சத்தமாகப் பாடினார். எனக்குப் பூசை கண்ணில் தெரியவில்லை.

சமாதானம் பகிர்கிற நேரம் வந்தது. எல்லாரும் பக்கத்தில் இருப்பவர்களைப் பார்த்துத்தானே கும்பிடுவார்கள். அவர் எழுந்து நடுவழியைத் தாண்டி என் முன்னால் வந்து கும்பிட்டு நின்றார். கோயில் பார்த்துக்கொண்டிருந்தது. அக்கா, என் கை தானாகக் கூடிவிட்டது. நானும் அவரைக் கும்பிட்டுவிட்டேன். அவர் வந்ததைவிட அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

பூசை முடிந்து கேட் வரைக்கும் பின்னால் வந்தார். "நம்ம தோட்டத்துக் கோயில்ல வாசிச்சாங்களாம், அத்தை சொன்னிச்சு. ஆண்டவரே வழி காட்டிட்டாரு" என்றார். ஏசவில்லை. கை நீட்டவில்லை. "ஜொனிய நெனச்சு அழுறதுக்கு நம்ம ரெண்டு பேரைத் தவிர யாரு இருக்கா?" என்று மட்டும் கேட்டார். சிஸ்டர் பிரான்சிஸ்கா கேட்டைச் சாத்தினார்.

வேறு இடம் பார்த்து அனுப்பவா என்று சிஸ்டர் கேட்கிறார். போக முடியும் என்று தோன்றவில்லை. றொனி கேட்டது என் மண்டைக்குள்ளேயே நிற்கிறது.

ஜெயந்தினி

*

தெமோதரை
10.09.2024

பிரியமான தங்கச்சிக்கு,

உன் கடிதம் கையில் கிடைத்து ஒரு வாரமாகிறது. இங்கே சளி காய்ச்சல் எல்லார் வீட்டிலும். எனக்கு ஒன்றுமில்லை.

லூர்தம்மா போய் வாய் விடுவாள் என்று நான் நினைக்கவில்லை. உன் மேல் பாசத்தில் செய்தேன். அது உனக்கு வினையாகியிருந்தால் பொறுத்துக்கொள்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். அவர் வந்து என்ன கெடுதல் செய்தார்? கும்பிட்டார். நீயும் கும்பிட்டாய். சாமி முன்னால் சமாதானம் கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளலாமா? ஒருவேளை ஆண்டவரே என் கையால் எழுத வைத்தாரோ என்று எனக்குத் தோன்றுகிறது.

நேற்றும் வந்திருந்தார். ஜொனியின் சிவப்பு பஸ், பள்ளிக்கூட உடுப்பு, ஒற்றைக் காது உடைந்த கோப்பை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்து வந்து எனக்குக் காட்டினார். "அவ வந்தா அவகிட்டதான் குடுப்பேன், வேற யார்கிட்டயும் குடுக்க மாட்டேன்" என்றார். சட்டையை முகர்ந்து பார்த்தேன். பிள்ளையின் வாசம் இன்னும் இருக்கிறது.

நவம்பர் இரண்டாம் தேதி சாமி புதைகாட்டுக்கு வந்து கல்லறைகளை மந்திரிப்பார். ஜொனியின் குழிக்குச் சிலுவை நட்டுச் சுண்ணாம்பு அடிக்கிறேன் என்று றொனித் தம்பி சொல்கிறார். பிள்ளைக்கு வருகிற முதல் ஆத்துமாக்கள் திருநாள். தாயும் தகப்பனும் சேர்ந்து நிற்க வேண்டாமா? யோசித்துப் பார்.

உன் அக்கா
மரியகொரட்டி

*

பதுளை
06.10.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலம்தான். தூக்கம் மட்டும் குறைவு.

அவர் ஒவ்வொரு ஞாயிறும் வருகிறார். இப்போது கேட்டுக்கு வெளியே நின்று பேசிவிட்டுப் போகிறார். கொஸ்லந்தையில் வீடு பார்த்திருக்கிறாராம், மொனராகலை வீட்டை விட்டுவிடுவாராம். போன வாரம் ஜொனி எப்படிக் கொட்டாவி விடுவான் என்று செய்து காட்டினார். அப்படியே இருந்தது. நான் சிரித்துவிட்டேன். பிறகு அறைக்குள் வந்து சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன்.

நீங்கள் சொல்வதுதான் சரியோ என்னவோ. நவம்பர் இரண்டாம் தேதிக்கு வருகிறேன். ஜொனியின் பொருட்கள் எனக்கு வேண்டும். அப்படியே அவரோடு கொஸ்லந்தைக்குப் போய்விடுவேன் போலிருக்கிறது. சிஸ்டரிடம் சொன்னேன். "உன்ன இங்க பூட்டி வைக்க நாங்க யாரு? போறதுனா வாசல் வழியா போ, வர்றதுனாலும் வாசல் வழியா வா" என்றார்.

உங்கள் தங்கை
ஜெயந்தினி

*

தெமோதரை
13.10.2024

என் தங்கமான தங்கச்சிக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு நேரே கோயிலுக்குப் போய் மாதா முன்னால் முழந்தாளில் இருந்தேன். வலியே தெரியவில்லை.

நீ முதல் நாளே வந்துவிடு. ரொட்டியும் கட்டச் சம்பலும் செய்து வைக்கிறேன். கறுப்புச் சேலை இல்லாவிட்டால் என்னுடையதைக் கட்டிக்கொள்ளலாம்.

ஒன்று மட்டும் மனசு விட்டுச் சொல்கிறேன், கோவித்துக்கொள்ளாதே. இங்கே சில பேர் இன்னும், காய்ச்சல் கண்ட பிள்ளையை அத்தனை நாள் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாளே, இவளும் ஒரு தாயா என்று பேசத்தான் செய்கிறார்கள். நீ வந்தால் அந்தப் பேச்சு மறுபடி வரும். தெரியாமல் செய்த பிழை என்று நான் எப்போதோ உன்னை மன்னித்துவிட்டேன். றொனித் தம்பியும் உன்னைக் குறை சொல்லி ஒரு வார்த்தை பேசியதில்லை. அதைவிடப் பெரிய மனசு எந்த ஆம்பிளைக்கு வரும்? நீயும் தலை குனியாமல் வா.

உன் அக்கா
மரியகொரட்டி

*

பதுளை
20.10.2024

அக்காவுக்கு,

நீங்கள் சுகமாக இருக்க வேண்டும்.

என்னை மன்னித்துவிட்டதாக எழுதியிருந்தீர்கள். அதற்கு முன்னால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்.

றொனி கரும்பு லொறியில் போகும்போதெல்லாம் வீட்டை வெளியே பூட்டிவிட்டுத்தான் போவார். ஒரு வருஷத்துக்கு மேல் அப்படித்தான். அவர் இருக்கிற நாளில்தான் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம். போனையும் எடுத்துக்கொண்டு போவார். நான் உங்களோடு பேசியதெல்லாம் அவர் பக்கத்தில் இருக்கும்போது பேசியது. ஜன்னலுக்குக் கம்பி. சுற்றிலும் கரும்பு, வேறு வீடு கிடையாது.

ஜொனிக்குக் காய்ச்சல் தொடங்கி மூன்றாம் நாள் காலை, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகிறேன் என்றேன். "எவனப் பாக்கப் போற?" என்று கேட்டார். பூட்டிவிட்டுப் போனார். பின்னேரம் காய்ச்சல் விட்டது. நல்லது என்று நினைத்தேன். பிறகு பிள்ளையின் கை கால் சில்லிட்டுப் போனது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தான். கத்தினேன், அக்கா. தொண்டை கட்டும் வரைக்கும் கத்தினேன். தேங்காய் துருவுகிற மணையால் கதவை இடித்தேன். பலகை கொஞ்சம் பிளந்தது, பூட்டு விடவில்லை. "அம்மா சத்தம் போடாதீங்க, அப்பா ஏசுவாரு" என்று ஜொனி சொன்னான். அவன் தெளிவாகப் பேசியது அதுதான் கடைசி.

மறுநாள் மதியம்தான் அவர் வந்தார். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினார், அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆஸ்பத்திரி வாசலில் வைத்து, "கேட்டா காய்ச்சல் விட்டுருச்சுன்னு நெனச்சோம்னு சொல்லு. இல்லாட்டி நானும் செத்துருவேன்" என்றார். அப்படியே சொன்னேன். டொக்டரிடம் சொன்னேன், உங்களிடம் சொன்னேன், எல்லாரிடமும் சொன்னேன். பெட்டியை மூடும்போது நீங்கள் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "தாய்னா ரெண்டு கண்ணும் பிள்ளை மேலதான இருக்கணும்" என்றீர்கள். என் இரண்டு கண்ணும் அவன் மேல்தான் இருந்தது.

பூட்டு எனக்குப் போட்டது. உள்ளே பிள்ளையும் இருந்தான்.

இதைத் தெரிந்த பிறகும் 'வா, அவரோடு சேர்ந்து நில்' என்று நீங்கள் எழுதினால் வருகிறேன். யோசிக்க எனக்குத் தெம்பில்லை. அம்மா இல்லாத எனக்கு நீங்கள்தான் அம்மா. நீங்கள் சொல்வதைச் செய்கிறேன்.

ஜெயந்தினி

*

பதுளை
30.10.2024

அக்காவுக்கு,

உங்களிடமிருந்து பதில் இல்லை. சுகமில்லையோ என்று யோசனையாக இருக்கிறது.

பையைக் கட்டிக் கட்டிலுக்குக் கீழே வைத்திருக்கிறேன். கடிதம் வந்ததா என்று ரஹ்மத்தும்மாவைத் தினமும் கேட்கிறேன். "வரும் மகள், வரும்" என்கிறார்.

ஜெயந்தினி

*

தெமோதரை
04.11.2024

தங்கச்சிக்கு,

வராதே.

நீ கேட்டதற்குப் பதில் அதுதான். பிந்தித்தான் எழுதுகிறேன். இரண்டாம் தேதி நீ வரவில்லை என்று பார்த்த பிறகுதான் எனக்குக் கை கால் ஓடியது. நான் எழுதாததை வைத்து நீ வந்து நின்றிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று தெரியாது.

உன் கடிதம் பெரட்டில்தான் கிடைத்தது. வழக்கம் போல மலையில் வைத்துப் படித்தேன். அன்றைக்குக் கொழுந்து எடுத்தேனா, எங்கே நிறுத்தேன், ஒன்றும் நினைவில்லை. வீட்டில் உட்கார்ந்து எழுதப் பார்த்தேன். தங்கச்சிக்கு என்பதற்கு அப்புறம் எழுத்து வரவில்லை. அவன் சாப்பிட்ட தட்டு அலமாரியில் இருந்தது. அதை எடுத்துக் குப்பையில் போட்டேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

திருநாளுக்கு முதல் நாளே அவன் வந்துவிட்டான். சிலுவை நட்டு, சுண்ணாம்பு அடித்து, சுற்றிலும் பூ வைத்து, பார்த்தவர்களெல்லாம் இவனல்லவா தகப்பன் என்றார்கள். "அக்கா, ஒரு தேத்தண்ணி தாங்க" என்று வந்தான். சீனி முடிந்துவிட்டது என்றேன்.

அடுத்த நாள் காலை, பூசைக்கு முன்னால், வாசல் டின்னில் ஒரு சீட்டுப் போட்டேன். உபதேசியாரைத்தான் உனக்குத் தெரியுமே, கையில் எதைக் கொடுத்தாலும் ஒரே குரலில் வாசிக்கிற மனுஷன். செத்தவர்களின் பேர்களை வரிசையாக வாசித்துக்கொண்டு வந்தார். என் சீட்டு வந்தது. நான் எழுதியதை அப்படியே உனக்கும் எழுதுகிறேன்:

'மொனராகலையில், தகப்பன் வெளியே பூட்டிவிட்டுப் போன வீட்டுக்குள், ஆஸ்பத்திரிக்குப் போக வழியில்லாமல் காய்ச்சலில் கிடந்து இறந்த ஆறு வயது ஜொனியின் ஆத்துமாவுக்காக. கத்திக் கூப்பிட்டும் ஆள் வராத அவன் தாயைக் குறை பேசிய எங்கள் எல்லாருடைய பாவ மன்னிப்புக்காக.'

பூட்டிவிட்டுப் போன என்கிற இடத்தில் உபதேசியாரின் குரல் நின்றுவிட்டது. சீட்டைத் திருப்பிப் பார்த்தார். சாமி அவர் பக்கம் திரும்பி, "வாசிங்க உபதேசியார்" என்றார். மிச்சத்தை மெதுவாக வாசித்தார். யாரும் பதில் சொல்லவில்லை. பிறகு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்த ஞானோபதேசப் பிள்ளைகள், பழக்கத்தில், எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும் என்று சொல்லிவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் பெண்கள் பக்கத்திலிருந்து ஒவ்வொரு குரலாக வந்தது.

அவன் எழுந்து வெளியே போனான். சுண்ணாம்பு வாளி புதைகாட்டிலேயே கிடக்கிறது. பின்னேரம் லயத்துக்கு முன்னால் வந்து நின்று, நான் குடும்பத்தைக் கெடுத்தவள் என்று கத்தினான். எட்டுக் காம்பராவிலிருந்தும் பெண்கள் வெளியே வந்து வாசலில் நின்றார்கள். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டான்.

எல்லாரும் என் பக்கம் என்று நினைக்காதே. வீட்டுச் சண்டையைப் பலிபீடத்துக்குக் கொண்டு வரலாமா என்று ஆம்பிளைகள் பேசுகிறார்கள். லூர்தம்மா நான் நிற்கிற பீலிக்குத் தண்ணீருக்கு வருவதில்லை.

உன் தோளைப் பிடித்துக்கொண்டு நான் சொன்னதை என்னால் திருப்பி எடுக்க முடியாது. இரவும் பகலும் அது என் காதில் கேட்கிறது. கேட்கட்டும்.

அக்கா

*

பதுளை
01.12.2024

அன்புள்ள அக்காவுக்கு,

ஆண்டவர் கிருபையால் சுகம். குளிருக்கு உங்கள் முழங்கால் இறுகும், பழைய சேலையைச் சுற்றிக்கொண்டு படுங்கள்.

ஒரு மாதமாக உங்களுக்கு எழுதாமல் இருந்தது வேண்டுமென்றுதான். எனக்குக் கோபம். நான் உங்களுக்கு மட்டும் எழுதியதை நீங்கள் கோயில் முழுவதற்கும் வாசிக்கக் கொடுத்தீர்கள். முதல் தடவையும் என்னைக் கேட்கவில்லை, இரண்டாம் தடவையும் கேட்கவில்லை. நல்லதுக்குச் செய்தாலும் கெட்டதுக்குச் செய்தாலும் என் வாயை மற்றவர்கள்தான் வைத்திருக்கிறார்கள் என்று சிஸ்டரிடம் சொல்லி அழுதேன். அவர் உங்களுக்காகப் பரிந்து பேசவில்லை. "கோபத்தையும் எழுது, தபால்ல போகும்" என்றார். அதனால் எழுதுகிறேன்.

இதையும் எழுதத்தான் வேண்டும். வராதே என்று நீங்கள் எழுதிய அந்த ஒரு சொல்லைக் கிழித்தெடுத்து ஜெபப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறேன்.

அவர் இப்போது ஞாயிறுகளில் வருவதில்லை. ஜொனியின் பை வரவில்லை. இனி வராது என்று எனக்குத் தெரியும். சிவப்பு பஸ்ஸை என்ன செய்திருப்பார் என்று நினைக்காமல் இருக்கப் பார்க்கிறேன். அதை வாங்குவதற்காகவே திரும்பிப் போயிருப்பேன், அக்கா. இன்றைக்கும் சில நேரம் அப்படித் தோன்றுகிறது. பொலிசில் சொல்ல வேண்டும் என்று சிஸ்டர் சொல்கிறார். சொல்கிறேன் என்றேன். எப்போது என்று சொல்லவில்லை.

செருப்பு இன்னும் கதவிடுக்கில்தான் இருக்கிறது. ஒரு நாள் எடுத்துவிட்டுச் சாத்திப் பார்த்தேன். கொஞ்ச நேரத்திலேயே எழுந்து திறந்துவிட்டேன். பரலோக மந்திரத்தில் அந்த வரியும் வரவில்லை. "உனக்கு வர்ற வரைக்கும் உன் பங்கையும் நான் சேத்துச் சொல்லிக்கிறேன், நீ சும்மா நில்லு" என்கிறார் சிஸ்டர். எனக்குப் பக்கத்தில் நின்று அந்த வரியைக் கொஞ்சம் சத்தமாகச் சொல்கிறார். ஆண்டவர் அதை என் கணக்கில் எடுத்துக்கொள்கிறாரா என்று தெரியவில்லை. நான் நிற்கிறேன், அவ்வளவுதான்.

போன வியாழன் டின்னைக் கொடுக்க வேறு ஆள் இருக்கவில்லை. நான்தான் எடுத்துக்கொண்டு போனேன். ஒரு சின்னப் பையன் வாயில் போட்டுப் பார்த்துவிட்டு, "ஒரு ருசியும் இல்லையே அன்ட்டி" என்றான். இனிப்பும் இல்லை, உப்பும் இல்லை. ஜொனிக்குச் சொல்லாமல் விட்ட பதில் அதுதான். நானே அன்றைக்கு ஒரு துண்டு கொடுத்திருக்கலாம். வெறும் வெட்டுத் துண்டுதானே, அதில் என்ன பாவம்? டின்னை அங்கேயே வைத்துவிட்டு அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். பிள்ளைகள் போகாமல் சுற்றி நின்றார்கள். பிள்ளை செத்த பிறகு, யாரும் ஏசாமல், யாரும் சமாதானம் சொல்லாமல் நான் அழுதது அன்றைக்குத்தான்.

இன்று திருவருகைக் காலம் தொடங்கிவிட்டது. அடுத்த ஞாயிறு உங்களுக்குச் சாமி வருகிற நாள். மழை இல்லாவிட்டால் தை பிறந்த பிறகு, திருநாள் இல்லாத ஒரு சாதாரண நாளில், குழிக்கு வருகிறேன். நீங்களும் நானும் மட்டும். அந்தச் சுண்ணாம்பை அதற்குள் மழை கழுவியிருக்கும்.

இனி என் பேரில் சீட்டுப் போடுவதென்றால் என்னைக் கேட்டுவிட்டுப் போடுங்கள். இந்த மாதச் சீட்டை நானே எழுதி இதற்குள் வைத்திருக்கிறேன். ஒரு எழுத்தும் கூட்ட வேண்டாம், குறைக்க வேண்டாம். உபதேசியார் இடம் எங்கே, தேவை என்ன என்று கேட்டால், இவ்வளவுதான் என்று சொல்லுங்கள்.

உங்கள் தங்கை
ஜெயந்தினி

(சீட்டு)

ஜொனியின் அம்மாவுக்காக.